மோதிரம் பாடும், சங்கிலி முனகும்

(நூலக அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



சென்ற ஆண்டு இதே அரங்கில் ஒலி அலைகளைப் பற்றிப் பேசினேன். பதினேழு பேர் வந்திருந்தார்கள். அதில் இருவர் மின்விசிறிக்காக வந்தவர்கள். இன்று தலைப்பில் 'தங்கம்' என்று ஒரு சொல் இருக்கிறது. பின்னால் நாற்காலி போதாமல் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறீர்கள். மகிழ்ச்சி. ஆனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இங்கிருந்து எழுந்து போகும்போது யார் கையிலும் புதையல் வரைபடம் இருக்காது.

இந்தப் பேச்சுக்குக் காரணம் என் அக்கா மகன். கலிபோர்னியாவில், சாக்ரமெண்டோ பக்கம் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். ஒருநாள் ராத்திரி போன் செய்தான். "மாமா, இங்க ஒரு கிளப்ல சேர்ந்திருக்கேன். மலையில அவங்களுக்கு உரிமம் உள்ள இடம் இருக்கு. அதுல ஒரு பழைய சுரங்கம். மெட்டல் டிடெக்டர் வாங்கலாம்னு இருக்கேன்" என்றான். இரண்டு கருவிகளின் பெயரைச் சொன்னான். ஒன்றின் விலை இன்னொன்றைப் போல ஐந்தாறு மடங்கு.

"விலை கூடினதுதானே மாமா நல்லா கண்டுபிடிக்கும்?"

"அந்தப் பாறையில தங்கம் எப்படி உட்கார்ந்திருக்குன்னு தெரியுமா?" என்று கேட்டேன்.

"எப்படி உட்கார்ந்தா என்ன மாமா? தங்கம் தங்கம்தானே?"

அங்கேதான் அவன் தவறினான். நானும் அவன் வயதில் அதே இடத்தில்தான் தவறினேன்.

நான் பிறந்தது கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் பக்கம் ஒரு லைன் வீட்டில். வட ஆற்காட்டிலிருந்து பஞ்சம் பிழைக்கப் போன குடும்பம். தாத்தா, அப்பா இருவருமே ஷாஃப்டுக்குள் இறங்கியவர்கள். நான் மட்டும் இறங்காமல் இயற்பியல் படித்து வாத்தியார் ஆனேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், சேர்த்து வைத்த பணத்தைக் கொடுத்து ஒருவரிடம் பழைய மெட்டல் டிடெக்டர் ஒன்றை வாங்கினேன். விற்றவர் "தங்கம் இருந்தால் கத்தும்" என்று சத்தியம் செய்தார். ஊருக்கு எடுத்துப் போய், ரோட்டோரம் கிடந்த வெங்கச்சங்கல் ஒவ்வொன்றின் மேலும் ஆட்டினேன். கத்தியது. தோண்டினால் லாட ஆணி, சோடா மூடி, ஒரு உடைந்த அரிவாள்.

அப்பா திண்ணையில் பீடி பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "டேய், நீ தூக்கிப் போட்ட கல்லுலயும் தங்கம் இருக்கலாம். உன் மெஷினுக்கு அது கேக்காது. ஆபீஸ்ல மாவா அரைச்சு உருக்கித்தான் கணக்கு எடுப்பான்."

நான் படித்த இயற்பியல் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. எனக்குப் புரியப் பல வருஷம் ஆயிற்று.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு டன் பாறையில் 5 கிராம் தங்கம் இருந்தால் அதைச் சுமாரான, தோண்டத் தக்க தாது என்பார்கள். கோலாரில் தொடக்கக் காலத்தில் இதைப் போலப் பல மடங்கு கிடைத்தது. கடைசிக் காலத்தில் இதைவிடக் குறைந்துவிட்டது. ஒரு டன் வெங்கச்சங்கல் என்றால் ஒரு பெரிய இரண்டு கதவு ஃபிரிட்ஜ் அளவு. 5 கிராம் தங்கம் என்றால் ஒரு கொண்டைக்கடலை அளவு. தங்கம் அவ்வளவு கனமான உலோகம். அந்தக் கொண்டைக்கடலை ஃபிரிட்ஜின் மேல்தோலுக்குச் சற்று உள்ளே முழுசாக உட்கார்ந்திருந்தால், நல்ல டிடெக்டர் அதைக் கண்டுபிடித்துவிடும். அதே கடலையைப் பொட்டுக்கடலை மாவு போல அரைத்து ஃபிரிட்ஜ் முழுக்கத் தூவிவிட்டால்? உலகத்திலேயே மிக விலையுயர்ந்த டிடெக்டரும் ஊமையாக இருக்கும். தங்கத்தின் எடை அதேதான். டன்னுக்கு இத்தனை கிராம் என்ற கணக்கும் அதேதான்.

எங்கள் ஊரில் 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் எடுத்தார்கள். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனார்கள். எடுத்த தங்கத்தில் பெரும்பகுதி கண்ணுக்குப் படாத பொடி. இப்போதும் அங்கே போனால் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண் மலை மலையாக நிற்பதைப் பார்க்கலாம், சுமார் 3 கோடி டன். சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடிய பிறகு, அந்த மண்ணில் டிடெக்டரை ஆட்டிப் பார்க்கலாமா என்று என்னிடம் கேட்டவர்களுக்கு அளவில்லை. டன்னுக்கு ஒரு கிராம்கூட இல்லாத மண் அது. அதற்கு ரசாயனத் தொட்டி வேண்டும், ஹெட்ஃபோன் வேண்டாம்.

நம் ஊர் நகைக்கடைத் தெருவில் விடியற்காலையில் சாக்கடை மண்ணைக் கூட்டி அள்ளி, தட்டில் வைத்துத் தண்ணீரில் அரிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் யாரும் டிடெக்டர் வாங்கியதில்லை. தாங்கள் தேடுவது அரத்தூள் என்று அவர்களுக்குத் தெரியும்.

இப்போது ஒரு சின்ன வேடிக்கை. இந்தக் கருவி என் மாணவன் ஒருவனுடையது, சாதாரண வகை. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அம்மா, கொஞ்ச நேரத்துக்கு உங்கள் சங்கிலியைத் தர முடியுமா? மூன்று பவுனா? நன்றி, பயப்படாதீர்கள், உங்கள் கண் முன்னாலேயே இருக்கும். தம்பி, உன் மோதிரத்தைக் கொடு. அரைப் பவுன்.

மோதிரத்தை மரப்பலகையில் வைக்கிறேன். சுருளை ஒரு சாண் உயரத்தில் வைத்து ஆட்டுகிறேன். கேட்டதா? கணீரென்று. இப்போது சங்கிலி. மோதிரத்தைப் போல ஆறு மடங்கு தங்கம். அதே உயரம். ஒன்றும் இல்லை. இறக்குகிறேன். இன்னும் இறக்குகிறேன். நாலு விரல் உயரம் வந்ததும் லேசாக ஒரு முனகல். அந்த முனகலும் எங்கிருந்து வருகிறது பாருங்கள், கொக்கி இருக்கும் இடத்திலிருந்து. சங்கிலியின் உடம்பு பேசவே இல்லை.

இதற்குக் காரணம் மந்திரம் ஏதுமில்லை. இந்தச் சுருளில் ஓடும் மின்சாரம் நொடிக்குப் பல ஆயிரம் முறை திசை மாறுகிறது. அதனால் பக்கத்தில் ஒரு காந்தப் புலம் ஏறி இறங்குகிறது. அந்தப் புலத்துக்குள் உலோகம் வந்தால் அதற்குள் சின்னச் சின்ன மின்னோட்டங்கள் செக்கு மாடு மாதிரி வட்டமடிக்கும். சுழல் மின்னோட்டம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அது. அந்தச் சுழற்சி தன் பங்குக்கு ஒரு காந்தப் புலத்தை உண்டாக்கும். இன்னொரு சுருள் அதைக் கேட்டு நமக்குச் சத்தமாகச் சொல்கிறது. மோதிரம் முழு வட்டம். செக்கு மாடு தடையில்லாமல் சுற்றி வரலாம். சங்கிலியில் கண்ணிக்கும் கண்ணிக்கும் நடுவே ஊசிமுனை அளவுதான் தொடுதல். மாடு ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் தனித்தனியாக மாட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே திரும்புகிறது.

அதாவது இந்தக் கருவிக்குத் தங்கம் என்றால் என்னவென்றே தெரியாது. மின்சாரம் சுற்றிவர எவ்வளவு இடம் இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். இதோ, ஒரு சாக்லேட் சுற்றிய அலுமினியக் காகிதம். மோதிரத்துக்குப் பாடிய அதே ராகம்.

இந்தச் சங்கிலி சமாசாரம் பாறைக்குள்ளும் நடக்கிறது. வெங்கச்சங்கல்லில் தங்கம் சில இடத்தில் கட்டியாக இருக்கும். சில இடத்தில் கடற்பஞ்சு மாதிரி ஓட்டையும் நாருமாக இருக்கும். கம்பி கம்பியாக, இலை இலையாக இருப்பதும் உண்டு. நடுநடுவே கல் புகுந்து தங்கத்தைத் துண்டு துண்டாக வெட்டியிருக்கும். அரைக் கிலோ கல்லில் ஐந்து பவுன் தங்கம் இப்படிப் பின்னிக் கிடந்தாலும் அது சங்கிலி மாதிரி முனகும். பக்கத்தில் ஒரு பவுன் உருண்டை மோதிரம் மாதிரி பாடும்.

ஆக, டிடெக்டரோடு சுரங்கத்துக்குள் போவதில் அர்த்தம் இருக்க வேண்டுமானால், அங்கே தங்கம் கட்டியாகவோ தடித்த பின்னலாகவோ இருக்க வேண்டும். அப்படிப்பட்ட சுரங்கம் உலகத்தில் இல்லாமல் இல்லை. என் மருமகன் இருக்கும் ஊரிலிருந்து வடகிழக்கே மலையேறினால் அலெகனி என்று ஒரு ஊர். இன்று அங்கே நூறு பேர்கூட இல்லை. அங்கே 1896-ல் தொடங்கிய சுரங்கம் ஒன்றின் பெயர் 'சிக்ஸ்டீன் டு ஒன்', பதினாறுக்கு ஒன்று. அந்த ஆண்டு அமெரிக்கத் தேர்தலில் பதினாறு பங்கு வெள்ளிக்கு ஒரு பங்கு தங்கம் என்று நாணய மதிப்பை நிர்ணயிக்க வேண்டும் என்பது பெரிய சண்டை. அந்தக் கட்சி தோற்றுப்போனது; பெயர் சுரங்கத்தில் நிலைத்துவிட்டது.

அந்தச் சுரங்கத்தில் பத்து லட்சம் அவுன்ஸுக்கு மேல், அதாவது 31 டன்னுக்கு மேல் தங்கம் எடுத்திருக்கிறார்கள். ஆனால் அது சீராகப் பரவிக் கிடந்த தங்கம் இல்லை. ரீஃபின், அதாவது தங்கம் ஓடும் வெங்கச்சங்கல் நரம்பின், பெரும்பகுதி வெறும் வெள்ளைக் கல். மாதக்கணக்கில் குடைவார்கள், கூலிக்குக்கூடக் காணாது. திடீரென்று ஒரு இடத்தில் பாறை முழுக்க மஞ்சள். அதை 'பாக்கெட்' என்பார்கள். நாம் பொதி என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பொதி எங்கே ஒளிந்திருக்கிறது என்பதற்குப் பழைய ஆட்கள் சில சாடை வைத்திருந்தார்கள். ஆர்சனோபைரைட் என்ற வெள்ளிநிறக் கனிமம் தென்பட்டால் நின்று பார்ப்பார்கள். சர்ப்பெண்டைன் என்ற பச்சைக் கல்லுக்குப் பக்கத்தில் ரீஃப் போனால் நிதானிப்பார்கள்.

சுரங்கம் 1965-ல் மூடியது, பிறகு திறந்தது. 1990-களில் அங்கே மெட்டல் டிடெக்டரைப் பாதாளத்துக்குக் கொண்டுபோனார்கள். பழைய ஆட்கள் 'ஒன்றுமில்லை' என்று விட்டுப்போன சுவர்களில் சுருளை ஓட்டினார்கள். பாறையின் மேல்தோலுக்குக் கொஞ்சம் பின்னால் ஒளிந்திருந்த பொதிகள் குரல் கொடுத்தன. நூறு வருஷமாக அந்தச் சுவரை உரசிக்கொண்டு ஆட்கள் போய் வந்திருக்கிறார்கள், தங்கம் ஒரு முழம் உள்ளே சும்மா உட்கார்ந்திருக்கிறது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆஸ்திரேலியாவில் கம்பால்டா என்ற ஊரில், பீட்டா ஹண்ட் சுரங்கத்தில் 2018-ல் நடந்தது இன்னும் பெரிய கூத்து. தரைக்குக் கீழே 500 மீட்டரில் ஒரு வெடி வைத்தார்கள். புகை அடங்கிப் பார்த்தால் தங்கம் பூத்த கற்கள். அதில் ஒன்று 90 கிலோவைத் தாண்டியது. அந்தப் பொதிக்கு 'தந்தையர் தின ரீஃப்' என்று பெயர் வைத்தார்கள். அங்கே சின்ன டிடெக்டர் போதும். கோலாரில் எந்த டிடெக்டரும் போதாது. எந்தக் கருவி வாங்குவது என்ற கேள்விக்கு முக்கால் பங்கு பதில் இதிலேயே முடிந்துவிடுகிறது.

மீதி கால் பங்குக்கு வருகிறேன்.

கருவிகளில் இரண்டு பெரிய குடும்பம். ஒன்று, இடைவிடாமல் அலையை அனுப்பிக்கொண்டே கேட்பது. மிகத் தாழ் அதிர்வெண் வகை என்பார்கள், ஆங்கில எழுத்தில் வி.எல்.எஃப். நாணயம் தேடுபவர்கள் வைத்திருப்பது பெரும்பாலும் பத்து கிலோஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். தங்கத்துக்கென்று செய்ததில் அதிர்வெண் கூடுதல். மைன்லேப் கோல்டு மான்ஸ்டர் 45 கிலோஹெர்ட்ஸ், கோல்டுமாஸ்டர் 24கே 48, ஃபிஷர் கோல்டு பக் 2 என்கிற பழைய பாட்டன் 71. அதிர்வெண் ஏற ஏற எள்ளளவு தங்கம், கம்பித் தங்கம், இலைத் தங்கம் எல்லாம் கேட்கத் தொடங்கும். அதற்கு விலையாகக் கொடுப்பது ஆழம். மண்ணிலும் பாறையிலும் உள்ள இரும்புக் கனிமங்களும் சேர்ந்து இரையும்.

இன்னொரு குடும்பம் துடிப்பு வகை, பி.ஐ. ஒரு அடி அடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு எதிரொலி கேட்பது. கிணற்றில் கல் போட்டுக் காது கொடுப்பது மாதிரி. அடித்த அடி அடங்க மைக்ரோநொடிக் கணக்கில் கொஞ்சம் பொறுத்துத்தான் அது கேட்க ஆரம்பிக்கிறது. அதற்குள் பாறையில் உள்ள இரும்புக் கனிமத்தின் சத்தம் பெரும்பாலும் அடங்கியிருக்கும், பெரிய கட்டியின் எதிரொலி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். ஆஸ்திரேலியாவின் செம்மண்ணில் இந்த வகைதான் ராஜா. அடிலெய்டில் 1985-ல் தொடங்கிய மைன்லேப் நிறுவனம் 1990-களின் நடுவில் எஸ்.டி. 2000 என்ற கருவியைக் கொண்டுவந்தபோது, தேடி ஓய்ந்த வயல்களில் மறுபடியும் கட்டிகள் கிடைக்க ஆரம்பித்தன. அந்த வரிசையில் வந்த ஜி.பி.எக்ஸ். கருவிகள்தான் என் மருமகன் சொன்ன 'விலை கூடினது'. ஆனால் நம் சங்கிலியை நினைத்துக்கொள்ளுங்கள். கம்பித் தங்கத்தின் எதிரொலி உடனே செத்துவிடும். கருவி காதைத் திறக்கும்போது அங்கே ஒன்றும் இருக்காது. அத்தனை பணத்தைக் கொடுத்து வாங்கிய கருவி, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஐந்து பவுனைத் தாண்டிப் போய்விடும்.

மண்ணின் மேல் தேடுகிறவனுக்கு ஆழம் முக்கியம். விக்டோரியாவில் 1980-ல் கெவின் ஹில்லியர் 27 கிலோ கட்டி ஒன்றைக் காரெட் டிடெக்டரில் கண்டெடுத்தார். 'ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்' என்று பெயர், லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதி ஒன்று வாங்கிக் காட்சிக்கு வைத்தது. அந்த மாதிரிக் கதைகளைக் கேட்டுத்தான் எல்லோரும் ஆழம் ஆழம் என்கிறார்கள். சுரங்கத்துக்குள் நிலைமை வேறு. நீங்கள் ஏற்கெனவே பாறையின் வயிற்றுக்குள் நிற்கிறீர்கள். சுவர் மூக்கு முன்னால் இருக்கிறது. மேல்மண்ணில் வெயிலும் மழையும் பட்டுத் துருப்பிடித்த இரும்பு மண் இங்கே குறைவு. ஆகவே குகைச் சுரங்கச் சுவருக்கு, என் தீர்ப்பு, அதிர்வெண் கூடிய வி.எல்.எஃப். கருவியும் சின்னச் சுருளும்தான். சுவர் முழுக்கப் பச்சைச் சர்ப்பெண்டைன், அதில் மாக்னடைட் என்ற இரும்புக் கனிமம் தூவிக் கிடக்கிறது, கருவி ஓயாமல் புலம்புகிறது என்றால் மட்டும் துடிப்பு வகைக்குப் போகலாம். அதிலும் மைன்லேப் எஸ்.டி.சி. 2300 மாதிரி மடித்துப் பையில் போடக்கூடிய, எட்டங்குலச் சுருள் கொண்ட, தண்ணீரில் நனைந்தாலும் கெடாத சின்னதுதான் வளைக்குள் உதவும்.

சுருளின் அளவைப் பற்றிக் கடைக்காரர்கள் சொல்லாத ஒன்று. பெரிய சுருள் தூரம் பார்க்கும், ஆனால் சின்னத் தங்கம் அதன் கண்ணுக்குத் தெரியாது. குட்டித் தங்கத்துக்குத் தூரம் என்பது எமன். சுருளின் அளவைத் தாண்டித் தூரம் போய்விட்டால், தூரம் இரு மடங்காகும்போது சத்தம் அறுபத்து நாலில் ஒரு பங்காகிவிடுகிறது. பாதியாக இல்லை, அறுபத்து நாலில் ஒன்று. சுவரில் சேறு படிந்திருந்தால் தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டுச் சுருளைச் சுவரோடு ஒட்டி ஓட்ட வேண்டும். அந்த அரை அங்குலச் சேற்றைத் துடைக்கும் துணி, இன்னொரு கருவி வாங்குவதற்குச் சமம்.

பெரிய சுருளுக்கு இன்னொரு கேடு, அது தேவையில்லாததையும் பார்க்கும். இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டை 1881 ஜூலையில் ஒருவன் சுட்டுவிட்டான். குண்டு உடம்புக்குள் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. டெலிபோன் கண்டுபிடித்த கிரஹாம் பெல் இரவு பகலாக உட்கார்ந்து ஒரு கருவி செய்தார். நம் கையில் இருக்கும் டிடெக்டரின் பாட்டி அது. சோதனையில் நன்றாக வேலை செய்தது. ஜனாதிபதியின் உடம்பின் மேல் வைத்தால் மட்டும் ஒரே குழப்பமான இரைச்சல். பிறகுதான் தெரிந்தது, அவர் படுத்திருந்த மெத்தையில் இரும்புச் சுருள் கம்பிகள். அதோடு, குண்டு வலது பக்கம்தான் இருக்கிறது என்று தலைமை மருத்துவர் பிளிஸ் முடிவுகட்டிவிட்டதால் அந்தப் பக்கம்தான் தேட விட்டார்கள். செப்டம்பரில் ஜனாதிபதி இறந்தார். அறுத்துப் பார்த்தபோது குண்டு இடது பக்கம் இருந்தது.

பழைய சுரங்கம் ஒன்றில் நுழைந்தால் அந்த மெத்தையின் மேல் படுத்திருப்பதாகவே நினைத்துக்கொள்ளுங்கள். கீழே தண்டவாளம், அதன் ஆணிகள். பக்கத்தில் காற்றுக் குழாய். கூரையில் பாறையைப் பிடித்து நிறுத்திய போல்ட்டு, கம்பி வலை. சுவர்த் துளைக்குள் முறிந்து நின்ற துளையூசி முனை. மெழுகுவர்த்தி சொருகிய இரும்புக் கொக்கி. ஆறங்குலச் சுருள் இவற்றுக்கு இடையில் ஊசி கோர்க்கிற மாதிரி நுழையும். பதினாலங்குலச் சுருள் எல்லாவற்றையும் ஒன்றாக மென்று துப்பும். மின்கேபிள் ஓடும் சுரங்கமானால் அதுவும் தன் பங்குக்கு இரையும்; உணர்திறனைக் குறைத்துத்தான் ஆக வேண்டும்.

இரும்பைத் தள்ளிவிடும் விசை ஒன்று கருவியில் இருக்கும். அதைப் போட்டுவிட்டு நிம்மதியாக நடக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. போடாதீர்கள். குட்டித் தங்கமும், கல்லோடு பின்னிய தங்கமும் கருவியின் காதுக்கு இரும்பு மாதிரியே கேட்கும். எல்லா உலோகமும் கேட்கட்டும், சந்தேகம் வந்த இடத்தில் மட்டும் விசையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். நல்ல ஹெட்ஃபோன் வேண்டும், சொட்டுத் தண்ணீரின் சத்தத்தில் முனகல் காணாமல் போய்விடும். தண்டு குட்டையாகச் சுருங்க வேண்டும். கடையில் நிமிர்ந்து நின்று, கருவியைக் கீழே ஆட்டி எடை பார்ப்பதில் பிரயோஜனமில்லை. பாதிக் குனிந்த நிலையில், கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பத்து நிமிஷம் ஆட்டிப் பாருங்கள். இரண்டரைக் கிலோ அப்போது இருபத்தைந்து கிலோ ஆகிவிடும்.

வாங்குமுன் சோதனை என்றால் காற்றில் மோதிரத்தைக் காட்டுவது போதாது. தேடப்போகும் அதே சுரங்கத்தின் கல்லில் நாலு பலகை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு அரிசி எடைத் தங்கத்தைப் பிளாஸ்டிக் அட்டையில் ஒட்டி, பலகைக்குப் பின்னால் வைத்து ஆட்டிப் பாருங்கள். அதைவிட முந்திய வேலை ஒன்று. அங்கே கிடக்கும் ரீஃப் கல்லைப் பத்து இடத்திலிருந்து பொறுக்கி, உரலில் இடித்து, தட்டில் அலசிப் பாருங்கள். கடைசியில் தட்டில் நிற்பது மாவா, குருணையா? மாவு மட்டும்தான் என்றால் டிடெக்டர் வாங்கும் பணத்தில் மனைவிக்கு ஒரு சங்கிலி வாங்கிக் கொடுத்துவிடலாம்.

கடையில் வேறொரு சரக்கும் விற்கிறார்கள். கைப்பிடியில் ஒரு ஆண்டெனா ஆடும். ஒரு கிலோமீட்டர் தூரத்துத் தங்கத்தை அது தானே திரும்பிக் காட்டுமாம். நம் ஊர் மோசடிக்காரர்கள் விற்கும் ரைஸ் புல்லிங் கலசத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. இதே மாதிரி ஆண்டெனாவை வெடிகுண்டு கண்டுபிடிக்கும் கருவி என்று ஈராக்குக்கு விற்ற மக்கார்மிக் என்ற ஆங்கிலேயருக்கு 2013-ல் பத்து வருஷம் சிறை கிடைத்தது. கோல்ஃப் பந்து தேடும் விளையாட்டுச் சாமான்தான் அதன் மூலம். கண்ணியம் தெரிந்த டிடெக்டர் அடிக்கணக்கில் பேசும், கிலோமீட்டர் கணக்கில் பேசாது.

இப்போது கொஞ்சம் குரலை இறக்கிப் பேச வேண்டிய விஷயம். சுவரில் துளைக்குள்ளிருந்து சத்தம் வந்தால் கம்பியை விட்டு நோண்டாதீர்கள். டெட்டனேட்டரின் கூடு அலுமினியத்திலோ தாமிரத்திலோ செய்தது. சின்னத் தங்கக் கட்டி பாடுகிற மாதிரியே அதுவும் பாடும். எப்போதோ வைத்து, வெடிக்காமல் நின்றுபோன மருந்தோடு அது உள்ளே உட்கார்ந்திருக்கலாம். மிஸ்ஃபயர் என்ற சொல் எங்கள் லைன் வீடுகளில் எமனின் பெயர் மாதிரி, குழந்தைகள் முன்னால் சொல்ல மாட்டார்கள்.

ஆள் விட்டுப்போன சுரங்கத்தில் காற்றும் அப்படித்தான். நாற்றமும் இருக்காது, புகையும் இருக்காது. ஆக்சிஜன் மட்டும் இருக்காது. காலடியில் பலகை போட்ட தரை மாதிரித் தெரிவது கீழே முப்பது மீட்டர் குழியை மூடிய உளுத்த மரமாக இருக்கலாம். அமெரிக்கச் சுரங்கப் பாதுகாப்புத் துறை 1999 முதல் 'வெளியே நில், உயிரோடு இரு' என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. நீலகிரியில் தேவாலா, பந்தலூர்ப் பக்கம் 1880 வாக்கில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தங்க வெறியில் குடைந்துவிட்டுப் போன வளைகள் இன்னும் வாய் திறந்து கிடக்கின்றன. அங்கே இறங்கித் திரும்பாதவர்கள் உண்டு. இந்த ஊரில் யாருக்காவது அப்படி ஒரு யோசனை இருந்தால், 1957-ம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் இல்லாமல் கனிமம் தேடுவதே குற்றம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவைக்கிறேன்.

என் மருமகனிடம் நான் சொன்னது இதுதான்: "உள்ளே போகாதே. வளைக்கு வெளியே பழைய ஆட்கள் கொட்டின கழிவுக் குவியல் இருக்கும். அந்தக் காலத்தில் அரிக்கேன் வெளிச்சத்தில் கல்லைப் பொறுக்கிப் பிரித்தவர்கள், வெளியே மஞ்சள் தெரியாத கல்லைக் கண்டிப்பாகத் தூக்கிப் போட்டிருப்பார்கள். தங்கம் உள்ளே இருந்தாலும் போட்டிருப்பார்கள். வெயிலில் நின்று அதைத் தேடு. விலை குறைந்த கருவி, ஆறங்குலச் சுருள் போதும்."

வாங்கினான். எட்டு மாசம் ஆகிறது. இதுவரை கிடைத்தவற்றைப் படமெடுத்து அனுப்புகிறான். தண்டவாள ஆணி நாற்பத்தொன்று, ஒரு துளையூசி முனை, ஒரு மெழுகுவர்த்திக் கொக்கி, சார்டின் மீன் டப்பா எண்ணிக்கையில் அடங்காது. போன வாரம் மட்டும் எலுமிச்சம்பழம் அளவு வெள்ளைக் கல் ஒன்று. வெளியே மஞ்சளே தெரியவில்லை. கருவி பாடவில்லையாம், முனகியதாம். திருப்பித் திருப்பி ஆட்டினாலும் ஒரே இடத்தில் அதே முனகல். "உடைக்கட்டுமா மாமா?" என்று கேட்டான். எடையை முதலில் காற்றிலும், பிறகு நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டும் பார்த்துச் சொல், ஆர்க்கிமிடீஸ் கணக்குப் போட்டுவிட்டு உடைக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். இன்று ராத்திரி போன் வரும்.

தம்பி, இந்தா உன் மோதிரம். அம்மா, உங்கள் சங்கிலி. கொக்கி கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, போகும்போது பார்த்துப் போங்கள்.